ஒன்பதில் நின்ற குமிழ்

இந்த ரசிகர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து நான் திருத்தங்கள் மட்டும்தான் எழுதி வருகிறேன். யாராவது ஆம்ப்ளிஃபயர் வால்வின் எண்ணைத் தப்பாகப் போட்டால் திருத்துவேன். டிரம்மர் மாறிய வருடத்தில் குழம்பினால் திருத்துவேன். இதையும் அப்படி ஒரு திருத்தமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

குமிழ் விவகாரம் இங்கே நாலு மாதமாக ஓடுகிறது. பேண்டின் முதல் காலத்துப் படங்களில் நம் கிட்டார்காரருடைய ஆம்பில் மேல் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழ் நாலில் நிற்கிறது. மூன்றாம் காலத்துப் படங்களில் அதே ஆம்பில் ஒன்பதில் நிற்கிறது. ஒன்பதில் வைத்தால் சத்தம் கண்ணாடியில் ஆணியால் கீறுவது போல வர வேண்டும். ஆனால் இரண்டு காலத்துப் பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் டோன் இம்மி பிசகாமல் ஒன்றேதான். எப்படி? விரல் என்றார் நம் குழுவின் மீசைக்காரர். அரங்கம் என்றார் தபால்காரர். கம்பியின் தடிமன்தான் காரணம் என்று ஒருவர் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். முழுக்கப் படித்தேன், பாவம், நல்ல உழைப்பு.

விடை எனக்குத் தெரியும். அவருடைய ஆம்புகளைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். அவர் என் அக்காவின் கணவர்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் காலத்தில் மேடையில் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வால்வு ஆம்ப். அதை நாங்கள் பீரோ என்போம். பீரோவை அடக்கி வைத்தால் வாயை மூடிக்கொண்டு பேசுவது போலிருக்கும். முழுச் சத்தத்தில் வைத்தால்தான் அந்தக் குழைவு வரும். இரண்டாம் காலத்தில் கீபோர்டுக்காரர் ஒருவர் சேர்ந்தார், பீரோ போய் முழங்கால் உயரத்தில் ஒரு டப்பா ஆம்ப் வந்தது. டோன் செத்தது. மூன்றாம் காலத்தில் பீரோ திரும்பி வந்தது, டோனும் வந்தது. இந்தக் குழுவே உட்கார்ந்து அழுதது. நானும் அழுதேன்.

கீபோர்டுக்காரரை இத்தனை வருடம் கரித்துக்கொட்டினீர்கள். அந்த மனிதருக்கும் டப்பா ஆம்புக்கும் சம்பந்தமில்லை. அத்தானுக்குக் காதில் இரைச்சல் ஆரம்பித்திருந்தது. டாக்டர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். "வெளியில மூச்சு விடாதடா. காது போனவன்னு பேர் வந்துட்டா அதோட முடிஞ்சுது" என்றார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, டப்பாவை மெதுவாக வைத்து வாசித்தார். அந்த டப்பாவைச் செய்து கொடுத்தவனும் நான்தான். ஒவ்வொரு கச்சேரியிலும் மேடை ஓரத்தில் நின்று அந்த ஈனச் சத்தத்தைக் கேட்டேன்.

'விலை போய்விட்டார்' என்று இந்தக் குழுவில் முதலில் எழுதியது நான். 'வயதாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டும்' என்று எழுதிய மூன்று பெயர்களும் நானே. ஒரு பெயருக்குள் என் துக்கம் அடங்கவில்லை. பிறகு நீங்களாகவே நூற்றுக்கணக்கில் சேர்ந்துகொண்டீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. அத்தான் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே இதையெல்லாம் படிப்பார். படித்ததையே மறுபடியும் மேலிருந்து படிப்பார். "விடுங்களேன், வேலையில்லாதவங்க எழுதறாங்க" என்பாள் அக்கா. அவருக்கு மனது ஆறாது.

அந்த வருடக் காது பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அக்காவால் வர முடியவில்லை, அவர்கள் பெண் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது, காய்ச்சல். கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிந்ததும் அவர் ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார். முடிவைக் கேட்டு வர நான் இருந்தேன்.

காது டாக்டர் நிதானமான பெண்மணி. வரைபடத்தை மேஜைமேல் திருப்பி எனக்குக் காட்டினார். வலது பக்கம் கோடு படிக்கட்டில் உருண்டு விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"மேல் சுருதியெல்லாம் ஏறக்குறைய போயிடுச்சு. ஆனா இப்ப நிறுத்தினா மிச்சம் நிக்கும். வீட்டுல பொண்டாட்டி பிள்ளை பேசறது கடைசி வரைக்கும் கேக்கும். மறுபடி பெரிய சத்தத்துல நின்னாருன்னா, மூணு வருஷம். அப்புறம் மெஷின் வச்சாலும் பிரயோஜனம் இல்ல. நானே அவர்கிட்ட பேசணும், வரச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன் டாக்டர்" என்றேன். தொடர்புக்கு என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். பிறகு அங்கிருந்து நாலு முறை கூப்பிட்டார்கள். நாலு முறையும் மரியாதையாகவே பதில் சொன்னேன்.

ஒத்திகை அறை வாசலில் அத்தான் காத்திருந்தார். "என்னடா சொன்னாங்க?"

"முன்னைக்கு இப்ப தேவலையாம் அத்தான். இரைச்சல் வெறும் நரம்புத் தளர்ச்சியாம். பயப்படாம வாசிக்கச் சொன்னாங்க. பஞ்சுகூட வேண்டாமாம்."

அவர் என்னைக் கட்டிப்பிடித்து, ரோடு என்றும் பாராமல் அழுதார். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பீரோவைத் துடைத்து, வால்வு மாற்றி, அடுத்த வாரமே மேடையில் ஏற்றினோம். அந்தக் கச்சேரியின் பதிவு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

இனி குமிழுக்கு வருகிறேன். மேல் சுருதி காதில் விழாத மனிதர் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டேதான் போவார். நாலு ஆறானது, ஆறு ஏழானது. அப்படியே விட்டிருந்தால் டோன் கெட்டிருக்கும். இத்தனை பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்ததை அவர் கையாலேயே கெடுக்க விடுவதா? ஒரு பகலில் பின்பலகையைக் கழற்றி, குமிழின் மூன்று கம்பிகளையும் வெட்டிவிட்டு, நாலில் இருக்கும் அளவுக்கு உள்ளே ஒரு நிரந்தர ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு குமிழ் வெறும் அலங்காரம். நாலில் வைத்தாலும் ஒன்பதில் வைத்தாலும் நாலுதான். மீசைக்காரர் மன்னிக்க வேண்டும், விரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "என்னடா, மந்தமாவே இருக்கு?" என்பார். "எனக்குக் கணீர்னு கேக்குதே அத்தான்" என்பேன். அது பொய்யில்லை. ட்ரெபிளால் ஆகாததைச் சத்தத்தால் சரிக்கட்டப் பார்த்தார். கச்சேரிக்குக் கச்சேரி பீரோவை ஒட்டி ஒட்டி நின்றார். கடைசி வருடத்தில் ஸ்பீக்கர் துணியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து வாசித்தார். அந்தப் படத்தைத்தான் இந்தக் குழுவின் முகப்பில் வைத்து, 'தவம்' என்று போட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு திருத்தம். கடைசிக் கச்சேரியில் பேண்டு நின்ற பிறகும் அவர் தனியாக நாற்பது வினாடி வாசித்தாரே, அவருடைய உச்சம் என்று எல்லோரும் சொல்கிற அந்த முடிவு, அது திட்டமிட்டதில்லை. டிரம்மர் நிறுத்தியது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. டாக்டர் மூன்று வருடம் என்றார், மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

திமிரால் ஒதுங்கிவிட்டார் என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. அவர் வீட்டிலேயே இருக்கிறார். நான் ஞாயிறுதோறும் போவேன். நாம் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும், அவர் வாயால் பதில் சொல்வார், சமயத்தில் தெருவுக்கே கேட்கும்படி. "நீ மட்டும் இல்லன்னா இவர் எப்பவோ உடைஞ்சு போயிருப்பாருடா" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். நடந்ததை அவளும் இங்கேதான் படிக்கப் போகிறாள். கேட்டால் மறுக்க மாட்டேன், அவள் இதுவரை கேட்டதில்லை.

இந்த ஞாயிறு சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். பாப்பாவுக்கு இப்போது எட்டு வயது. பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா குரல் இப்ப எப்படிடா இருக்கு? அவங்கம்மா மாதிரியா, என் மாதிரியா? உன்னைத்தான் கேக்கணும். உன் காது மாதிரி யாருக்கு இருக்கு?" என்று நோட்டை நீட்டினார்.

பேனாவைத் திறந்துகொண்டு கவனித்தேன். நாலுக்கும் நாலரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கதவு மூடியிருந்தாலும் சொல்லிவிடுகிறவன் நான். பாப்பா பிறந்து எட்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். அந்தக் குழந்தையின் குரலை நான் ஒரு நாள்கூடக் காதுகொடுத்துக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது கேட்டும் யார் மாதிரி என்று பிடிபடவில்லை. கடைசியில் 'தெரியவில்லை' என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அத்தானிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.