ஆப்பிள் வாசனை அடிக்கிற நுரை

...நீங்களே சொல்லுங்க மேடம், இது கழிவுத்தண்ணித் தொட்டியா, இல்ல மலை உச்சிப் பனியா? காலைல தொட்டிக்குள்ளதான் இருந்துச்சு. பத்து மணிக்குக் கம்பியத் தாண்டுச்சு. இப்ப என் சைக்கிளக் காணோம்! இந்த நுரைக்குள்ளதான் எங்கயோ நிக்குது. பாத்து, பாத்து... அங்க ஒரு படி இருக்கு. இருந்துச்சு.

ஆத்துத் தண்ணி புடிச்சுப் பாக்குற பாட்டில ஏன் இப்பவே எடுக்குறீங்க? ஒரு காப்பி குடிங்க மொதல்ல. தலைநகர்லேந்து ரயில்ல வந்து, அப்புறம் தபால் பஸ்ல அம்பத்தாறு வளைவு... வேணாமா? சரி.

இந்த ஊர்க்காரங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது மேடம். ஃபோன்டூ சாப்புடுறாங்களா, சாப்புடட்டும். மிச்சத்த எங்க ஊத்துறாங்க? கக்கூஸுல! உருக்குன சீஸு மேடம், குழாய்க்குள்ள போயி ஆறுனா கல்லு! போன ஜனவரில ரெண்டு நாள் உளி வச்சுத் தட்டினேன். ஹோட்டல்காரி செராய்னாகிட்ட கேட்டா, "கௌடென்ஸ், எங்க விருந்தாளிங்க நாகரிகமானவங்க"ங்குறா. நாகரிகம் என்ன கலர்னு என்கிட்டல்ல கேக்கணும்! இருபத்திரெண்டு வருஷமா பாக்குறேன்!

என்னது, மணிச் சத்தமா? இல்ல இல்ல. அது பம்பு. பழைய பம்பு, டிங் டிங்னுதான் ஓடும்.

எங்க விட்டேன்... ஆங், கிருமிங்க. இந்தத் தொட்டிக்குள்ள என் கிருமிங்க இருக்கு மேடம், கோடிக்கணக்குல. ஊரு அழுக்கு பூரா அதுங்கதான் திங்குது. ஆனா காத்து ஊதிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா செத்துப்போயிரும். என் கல்யாணத்தன்னிக்கே நடுவுல ஓடியாந்து காத்தப் பாத்துட்டுத்தான் போனேன். என் பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டுவா.

நீங்க இன்னிக்கு "தேறல"ன்னு எழுதிட்டா, கீழ டவுனுக்குக் குழாயப் போட்டு இத இழுத்து மூடிருவாங்க. எனக்கு வேற வேலை தெரியாது மேடம். அதுங்களுக்கும் தெரியாது.

வாசனையா? ஆமா, ஆப்பிள் வாசனைதான்! அதத்தான் நானும் சொல்றேன்! ஹோட்டல்ல குளிக்குறாங்க பாருங்க, காலைல ஒரு தடவ, பனிச்சறுக்கு முடிச்சு ஒரு தடவ... என்ன? இது செப்டம்பரா? பனி இல்லன்னா குளிக்க மாட்டாங்களா? பன்னெண்டு கேனு ஆப்பிள் ஷாம்பூ மேடம், எந்த மனுஷனாவது... பன்னெண்டுன்னு எப்படித் தெரியுமா? சும்மா ஒரு குத்துமதிப்பு.

அடடா, தலைக்கு மேல ஏறிருச்சே. மேடம், என் கையப் புடிச்சுக்குங்க. மேடம்? ஒண்ணும் தெரியலயே... ஆங், இங்கதான் இருக்கீங்களா. மூச்சுச் சத்தம் கேக்குது. பயப்படாதீங்க.

மொகம் தெரியாததும் நல்லதாப் போச்சு. சொல்லிடுறேன். நான்தான் மேடம்.

நாளைக்கு மாட்டு அழகிப் போட்டி. என் மச்சான் குர்டினோட மாடு ஃபியோரா மூணு வருஷமா ரெண்டாவது. அவன் வீட்ல தண்ணி ஐஸு மாதிரி இருக்கும். இங்க கழிவுல வர்ற காஸ்ல சுடுதண்ணி கொதிச்சுக்கிட்டே கெடக்கு. ஓட்டிட்டு வாடான்னேன். விடியகாலைல பன்னெண்டு மாட்டையும் இந்த முத்தத்துலதான் தேச்சுக் குளிப்பாட்டுனோம். முத்தத்துத் தண்ணி எங்க போவும்? நேரா தொட்டிக்கு! அந்த வாய்க்கால வெட்டினதே நான்தான்! மாட்டு மினுமினுப்பப் பாத்ததுல மறந்தே போச்சு.

ஆனா ஒண்ணு மேடம். நுரையப் பாத்த நிமிஷமே ஆத்துக்குப் போற மதக மூடிட்டேன். அதான் எல்லாம் இங்க பொங்குது. என் சைக்கிளு போவட்டும், என் வேலையும் போவட்டும். ஊரு மொத்தத்து அழுக்கும் இந்தக் கையத் தாண்டி ஆத்துக்குப் போனதில்ல. என் அழுக்கு போயிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்.

ஏதாவது சொல்லுங்க மேடம். திட்டவாவது செய்ங்க... ஏன் என் கைய நக்குறீங்க?

அட ச்சீ, ஃபியோரா! நீயா! குர்டின் உன்ன விட்டுட்டா போயிட்டான்? அப்ப மேடம் எங்க?

மேடம்! மேடம்! ஆத்தங்கரைலயா இருக்கீங்க? எப்பப் போனீங்க? பாட்டில்ல புடிச்சாச்சா? என்ன... சத்தமா சொல்லுங்க! கண்ணாடியாட்டம் இருக்கா? தேறிட்டோமா? தேறிட்டோமா!

...இல்ல, ஒண்ணுமில்ல மேடம், கண்ணுல நுரை பட்டுருச்சு. யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேனா? பம்புகிட்டதான். நுரைக்குக் காரணமா? அதான் அப்பவே சொன்னேனே, அந்த ஹோட்டல்காரி செராய்னா... ஃபியோரா, நில்லு. நில்லுடி. இப்ப வெளிய வராத. தலையில போட்டிக்கு வச்ச பூ வேற... ஐயய்யோ, வராத!