கலவைத் தட்டு

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க. பதினோரு வருசமா அந்த ஆஸ்டல் இஸ்கூல்ல ஆக்கிப் போடறேன். நூத்தி இருவது புள்ளைங்க. மலையில எந்த வூட்லயாவது போயி கேளுங்க, வடிவு ஆக்குன சோத்துல ஒரு கல்லு கெடந்துச்சான்னு. எனக்குப் போயி மெமோ குடுத்துகீறாங்க. "மாணவர்களுக்குக் கல் கலந்த அரிசியைச் சமைத்து வழங்கியது ஏன்"னு கேக்குதாம் அந்தக் காயிதம். இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள திருப்பத்தூரு ஆபீசுல எழுதிக் குடுக்கணும், இல்லன்னா வேல போய்டும். எனக்கு எழுத வராது சார். கையெழுத்து மட்டும் போடுவேன், அதுலயும் 'டி' கொஞ்சம் கோணலா வுழும்.

அதான் உங்க சட்டப் பையில பேனாவப் பார்த்ததும் பக்கத்துல வந்து குந்திக்கினேன். பஸ்சும் நல்ல எடமாப் பார்த்து நின்னுபோச்சு. எஞ்சின் சூடு ஆறி, கண்டக்டரு ஓடையில தண்ணி மொண்டாந்து ஊத்தி, கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். எழுதுங்க, "ஐயா அவர்களுக்கு". போட்டீங்களா? நான் குடுத்தத சாப்ட்டுகினே எழுதுங்க, இன்னா அவசரம். மந்தார எலயில வெச்சா புளிசோறு தனி வாசன. நம்ம மலைப் புளி. இன்னா சார், கடக்குன்னு சத்தம் கேட்டுச்சு? வேர்க்கடலையா இருக்கும். கடல நான் போடலியே... கடுகா இருக்கும். நல்லா மென்னு சாப்டுங்க.

எல்லாத்துக்கும் காரணம் எங்க சயின்சு வாத்தியாரு சக்கரவர்த்திதான். கண்ணமங்கலத்துக்காரரு. நல்ல மனுசன், இல்லன்னு சொல்லல. ஒருவாட்டி ஜொரம் வந்த புள்ளையத் தோள்ல போட்டுகினு பன்னெண்டு மைலு எறங்கி ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோனவரு. ஆனா பாருங்க, மண்டைக்குள்ள ஒரே தனிமம், சேர்மம், கலவை. மேலதிகாரி வந்து பார்ப்பாருன்னு ரெண்டு மாசமா இதே பேச்சு. சோறு வாங்க வந்தா தட்டுல நான் உப்பு வைப்பேன், "வடிவு, இது சேர்மம்"பாரு. இன்னா சார் அதுன்னு கேட்டுட்டேன். கேக்காம இருந்திருக்கலாம். தண்ணியில போட்டா தீப்புடிக்கிற ஒரு உலோகமும், மோந்து பார்த்தா ஆள சாய்க்கிற ஒரு வெஷவாயுவும் சேர்ந்ததுதான் உப்புன்னுட்டாரு. உப்பு ஜாடிய மூடி ஓரமா வெச்சிட்டேன். பதினோரு வருசமா நெருப்பையும் வெஷத்தையுமா கொழம்புல போட்டுகினு இருந்தேன்? ரெண்டு நாளு உப்பே போடல. புள்ளைங்க சும்மா வுட்டுதுங்களா, தட்டத் தட்டிப் பாட்டே கட்டிடுச்சுங்க. அப்புறம் வாத்தியாரு வந்து, ரெண்டும் சேர்ந்ததும் அதுங்க பழைய கொணம் போய்டும், சும்மா கையால பிரிக்கவும் முடியாது, பயப்படாம போடுன்னாரு. அத்த மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதான?

அப்போ நானும் எம் புருசன் கோவிந்தனும் சேர்மமா சார்னு கேட்டேன். அந்தாளு மாசத்துக்கு ஒருவாட்டி கோச்சிக்கினு செங்கத்துல அக்கா வூட்டுக்குப் போய்டுவாரு. போன கோவம் அப்படியே இருக்க, நாலாம் நாளு திரும்பி வருவாரு. வாத்தியாரு ரொம்ப நேரம் யோசன பண்ணாரு. கொணமும் மாறல, பிரியறதும் சுளுவா கீது, அதனால நீங்க கலவைதான்னு சொல்லிட்டாரு. அய்ய, அத்த ஏன் எழுதறீங்க? ஆபீசுக்குப் போற காயிதம் சார் அது. அடிச்சிடுங்க.

எங்க வுட்டேன்... ஆங், அதிகாரி வர்ற அன்னிக்கி. காலையில சயின்சு ரூமப் பெருக்கப் போனேன். மேச மேல மூணு தட்டு. மொதத் தட்டு தனிமம். செம்புக் கம்பி, கந்தகம், அப்புறம் என் அடுப்புலருந்து எடுத்துப்போன கரி. ரெண்டாவது சேர்மம். உப்பு, சக்கர, ஒரு டம்ளரு தண்ணி. மூணாவது தட்டப் பார்க்கறேன், வயிறு எரிஞ்சிபோச்சு. நல்ல உப்ப எடுத்து மணலோடயும் இரும்புத் தூளோடயும் கொட்டிக் கலக்கி வெச்சிகீறாங்க. எந்த வேலையத்தவன் பண்ணதோன்னு நெனச்சேன்.

சந்தை உப்புல மண்ணு இருந்தா நாம இன்னா பண்ணுவோம்? தண்ணியில கரச்சி, தெளிய வுட்டு, மேலாக்க இறுத்துக்குவோம். கையி தன்னால அத்தத்தான் பண்ணுச்சு. அங்கயே ஒரு காந்தம் கெடந்துச்சு, இரும்புத் தூள அதுல ஒட்ட வெச்சி எடுத்து தனிமத் தட்டுல வெச்சேன். மிச்சத்தக் கரச்சி, துணியில வடிச்சி, அடுப்புல சுண்ட வெச்சா உப்பு வெள்ள வெளேர்னு வந்துச்சு. அத்த சேர்மத் தட்டுல வெச்சேன். மணல வெளிய கொட்டிட்டு, காலித் தட்ட சாம்பல் போட்டு வெளக்கிக் கவுத்தேன். பார்த்தா அவ்ளோ லட்சணமா இருந்துச்சு சார்.

வாத்தியாரு வந்து பாராட்டுவாருன்னு நின்னேன். அவரு தலையில கைய வெச்சிக்கினு குந்திட்டாரு. புள்ளைங்க அதிகாரி எதிர்ல பிரிச்சிக் காட்டறதுக்காவ அவரே கலந்து வெச்சதாம். நான் ஒருத்தியே எல்லாத்தையும் பிரிச்சி முடிச்சிட்டேன். மறுபடி கலக்கலாம்னா உப்பு ஈரம், சேறாவுது. கீழ ஜீப்பு சத்தம் வேற கேட்டுடுச்சு. அந்த மனுசன் மொகம் சுண்டைக்கா கணக்கா ஆயிடுச்சு. எனக்குப் பொறுக்கல. கலவைதான சார் வேணும், நான் தர்றேன்னேன். அரிசியில கல்லு இருந்தாலும் கலவைதான்னு சொன்னாரு. ஓடிப்போயி ஒரு படி அரிசியக் கொண்டாந்து கொட்டுனேன்.

அதிகாரி கையில அள்ளிப் பார்த்தாரு. இது எங்க இருந்து வந்த அரிசின்னாரு. நம்ம வாத்தியாருக்குப் பொய் வராது. "எங்க சமையக்கட்டு அரிசிங்க"ன்னுட்டாரு. அவ்ளோதான். தனிமமும் போச்சு, சேர்மமும் போச்சு, அதிகாரி நேரா சமையக்கட்டுக்கு வந்து, மெமோவுக்கு எம் பேர எழுதிக்கினு போய்ட்டாரு.

இன்னா கேக்கறீங்க? பதினோரு வருசமா கல்லே இல்லன்னா அன்னிக்கி மட்டும் எங்கருந்து வந்துச்சா? நீங்களும் ஆபீசு ஆளாட்டம் கேக்கறீங்களே. இன்னொரு வாய் சாப்டுங்க.

...சரி, சொல்லிடறேன். என் அரிசியில கல்லு இல்ல சார். பொறுக்கி வெச்ச அரிசி. சுத்தமான அரிசி எப்டி கலவையாவும்? அதிகாரி வர்றாருன்னு வாசல்ல வெள்ளப் பொடிக்கல்லு கொட்டியிருந்தாங்க. அதுல அரிசி சைசுக்குப் பார்த்து ரெண்டு கை அள்ளி நானேதான் போட்டேன். எங்க கிள்ளி எடுத்தாலும் ஒரே மாதிரி இருந்தா அது ஒருபடித்தான கலவைன்னு வாத்தியாரு ஒருநாளு சொன்னாரு. அந்த மாதிரி வரணும்னு கலக்கு கலக்குன்னு கலக்குனேன். வாத்தியாருக்கு இது தெரியாது. தெரிஞ்சா தன் மேல பழியப் போட்டுக்குவாரு, அவருக்கும் ஒரு மெமோ வரும். புள்ளையத் தோள்ல தூக்கினு நடந்த மனுசனுக்கு அது வரக் கூடாது. எனக்கும் பயமாத்தான் கீது சார். இந்த வேல போனா எனக்கு வேற எதுவும் தெரியாது.

அதனால எழுதுங்க. "கல்லு போட்டது நான்தான். வாத்தியாருக்குத் தெரியாது. அந்த அரிசியில ஒரு மணி கூட புள்ளைங்களுக்குப் போடல." அதான் சத்தியம். புள்ளைங்களுக்குப் போடுவனா? வூட்டுக்கு எடுத்துக்கினு போய்ட்டேன். ஒரு படி அரிசியக் கொட்ட மனசு வருமா? பொடைச்சேன், மூணுவாட்டி அரிச்சேன், கண்ணு பூக்கப் பொறுக்குனேன். அத்தத்தான் காலையில புளிசோறா...

சார்? எங்க எழுந்திரிக்கிறீங்க? பல்லா? எந்தப் பல்லு சார், ஆடிக்கினு இருந்ததா? அந்த வரிய மட்டும் எழுதிட்டுப் போங்க. சார், பஸ்சு மேல ஏறி உக்கார்ற வயசா உங்களுக்கு?

போய்ட்டாரு. காயிதத்துல இன்னாதான் எழுதுனாரோ, ஒரே அடிச்சி அடிச்சி கீது. எலையப் பாரு... சோறு ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம். ஒண்ணு, ரெண்டு... ஒம்போது. நான் மூணு நாளா முட்டிக்கினேன், இந்தாளு உக்கார்ந்த எடத்துல பிரிச்சி வெச்சிட்டுப் போறாரு. வாத்தியாரு சொன்னது சரிதான், கலவையேதான்.

கண்டக்டரண்ணே, தண்ணி ஊத்தியாச்சா? பேனா வெச்சிக்கினு கீறீங்களா? வாங்க, இப்பிடி உக்காருங்க. காலையில சாப்ட்டீங்களா?