இருபத்துமூன்றாவது குழாய்

இந்த நாற்காலியின் கால் ஒன்று ஆடுகிறது, ஐயா. அட்டையை மடித்து அடியில் வைத்தால் போதும். ஆடுகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

என் தங்கை கணவருக்கு வாய்தான் சும்மா இருக்காது. பொம்மை ரயிலுக்கு முழங்கை நீளத்தில் ஒரு நீராவிக் கொதிகலன் வீட்டிலேயே செய்யப்போவதாக ஊரெல்லாம் தண்டோரா போட்டார். முதல் துளையே கோணலாக விழுந்தது. உடனே பெரிய மனசு பண்ணி என்னைக் கூப்பிட்டார்.

கொதிகலன் தகட்டில் துளைகள் இருபத்துமூன்று. ஒவ்வொன்றிலும் விரல் தடிமனில் ஒரு செம்புக் குழாய். நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தகடு சிவக்கும்வரை சூடேற்றி, சுற்றிலும் வெள்ளியை உருக்கிப் பற்று வைக்க வேண்டும். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. மாப்பிள்ளையும் உழைத்தார். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார், அதுவும் கோணலாக.

கடைசிக் குழாய் மட்டும் பாக்கி இருந்தபோது நண்பர்களை அழைத்துவந்து காட்டினார்.

"எல்லாம் என் வேலைதான். குழாய மட்டும் மச்சான் சொருகிக் குடுத்தாரு."

சொருகினேனாம், ஜாடியில் பூ சொருகுகிற மாதிரி. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். மறுவாரமே மிச்சக் குழாயையும் முடித்துக் கொடுத்தேன்.

பொம்மை ரயில் சங்கத்துப் பரிசோதகர் வந்தார். பச்சைத் தண்ணீரை இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. மாப்பிள்ளையின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நெருப்பு மூட்டிய அன்று தங்கையும் பக்கத்தில் வந்து நின்றாள். தேநீர் போட்டு வா என்று அவளை உள்ளே அனுப்பினேன். நானும் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். மாப்பிள்ளைக்கு நெருப்பு வாயில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிற பழக்கம் உண்டு.

குழாய் பிடுங்கிக்கொண்டது. கொதிநீரும் ஆவியும் அந்த வாய் வழியாகத்தான் வந்தன. கண் இரண்டும் போய்விட்டன. இப்போது என் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். மச்சானைப் பற்றி எல்லோரிடமும் நல்லபடியாகச் சொல்கிறார்.

"நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம், அண்ணே" என்று தங்கை அழுகிறாள். பாவம், நல்ல மனசு.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கவே மாட்டேன், உங்கள் நிபுணரின் அறிக்கையைப் படிக்காமல் இருந்திருந்தால். குழாய்கள் கவனக்குறைவாகப் பொருத்தப்பட்டிருந்தன என்று எழுதியிருக்கிறார்.

இருபத்திரண்டில் வெள்ளிப் பற்று. அவை இன்றும் அசையாது. கடைசி ஒன்றில் மட்டும் ஈயப் பற்று வைத்தேன். பச்சைத் தண்ணீருக்கு ஈயம் தாங்கும், நெருப்புப் பிடித்தால் இளகும். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க மூன்று தடவை கரி பூசினேன். எந்தக் குழாயின் வாய் அவர் முகத்துக்கு நேராக வரும் என்று அளந்தும் பார்த்தேன்.

கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?