சிக்காத துப்பாக்கி

நவம்பர் 17, ஞாயிறு.

நேற்று விசாரணையின்போது துப்பாக்கியின் விலையை உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், திருமதி ஸ்டெகால். எழுநூற்று நாற்பத்தொன்பது டாலர் என்றேன். அது ஒட்டுச்சீட்டில் இருந்த விலை. வரி சேர்த்தால் எண்ணூறைத் தாண்டும். மாலைக் கல்லூரியில் கணக்குப்பதிவு படிக்கிறவன் வரியை விட்டுவிட்டு விலை சொல்வது வெட்கமான காரியம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நடந்ததை வரிசையாக எழுதிக் கொண்டுவரச் சொன்னீர்கள். இந்தத் திருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வாக்கியம் எழுதினால் அது சரிதானா என்று நின்று யோசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் சற்று நீளும்.

லோனி என் அக்கா டானெட்டின் கணவர். ஏப்ரலில் இருந்து பிரிந்திருந்தார்கள். அவர் அவளை நெருங்கக் கூடாது, துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கில் அக்காவுக்காகச் சாட்சி சொன்னவன் நான்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை லோனி என்னைக் காலைச் சாப்பாட்டுக்கு ஓர் உணவகத்துக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் ரொட்டியும் அதன்மேல் ஊற்றும் கிரேவியும் அவர் செலவு.

"என்ன மச்சான், இன்னும் அந்த ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுதான் இருக்கியா? கூட்டல் முடிஞ்சுதா, கழித்தல் வந்தாச்சா?"

"தேய்மானம் நடத்துறாங்க, மாமா."

"தேயறதைக் கத்துக்க இவன் காசு குடுக்கறான் பாரு," என்று காபி ஊற்ற வந்த பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு உட்கார்ந்து கேலி பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, ராணுவ மாதிரியில் ஒரு துப்பாக்கி வேண்டும், என் பெயரில் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். ஐந்நூற்றைம்பது டாலரை மடித்து என் தட்டுக்கு அடியில் வைத்தார். "பொருளை ஒப்பிட்டுப் பாத்து வாங்குறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்லடா. டயர் வாங்கவே நீ மூணு வாரம் எடுத்தவன்."

எங்கள் பக்கத்தில் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுப்பது புதிதல்ல. பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, பள்ளி முடித்ததற்கு எல்லாம் கொடுப்பார்கள். என் முதல் துப்பாக்கியே என் தாய்மாமன் சட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்ததுதான். பரிசாக வாங்குவதைச் சட்டமும் தடுப்பதில்லை. அடுத்தவர் பணத்தில் அடுத்தவருக்காக வாங்குவதுதான் குற்றம். அப்படியானால் என் பணமும் அதில் இருந்தால் அது பரிசுதானே என்று நினைத்தேன். இது என் தவறு. வைத்திருக்கக் கூடாதவருக்குப் பரிசாகவும் தரக் கூடாது என்ற வரி கடையில் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. அதைப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை பர்ல் மேடக்ஸுடையது. மான் வேட்டைக்காலம் வரப்போகிறது என்பதால் நல்ல கூட்டம். பர்ல் இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று ஐந்நூற்று இருபத்தொன்பது. மற்றது நான் முன்பே சொன்னது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் குழலைப் பார்த்தேன், விசையை இழுத்துப் பார்த்தேன், தோட்டா ஏற்றும் தாழை அசைத்துப் பார்த்தேன். வகுப்பில் சொல்லித்தந்தபடி விலைக்கு இத்தனை பங்கு, உழைப்புக்கு இத்தனை, நம்பகத்துக்கு இத்தனை என்று மனதில் பிரித்துக்கொண்டேன்.

"டேய் கேலன்," என்றார் பர்ல், "அதைக் கட்டிக்கப் போறியா, சுடப் போறியா? பின்னால நாலு பேரு நிக்கறாங்க."

"வித்தியாசம் என்னன்னு சொல்லுங்க."

"ரெண்டும் சுடும். ஒண்ணு எப்பவும் சுடும். இன்னொண்ணு எப்பவாச்சும் யோசிக்கும்."

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க இடம் உண்டு. விலை குறைந்தது மூன்றாவது தோட்டாக்கூடு தீர்வதற்குள் இரண்டு முறை தோட்டாவைக் கவ்விக்கொண்டு நின்றது. விலை கூடியது ஒருமுறைகூட நிற்கவில்லை. பர்ல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தட்டி, இழுத்து, விட்டா சரியாப்போகும். மூணு நொடி. பேப்பர்ல ஓட்டை போடறவனுக்கு மூணு நொடி ஒரு கணக்கா?"

அன்று வாங்கவில்லை. வெளியே, தெருமுனையில் வண்டியோடு நின்றிருந்த லோனியிடம் போய் இரண்டின் நிறைகுறைகளையும் விளக்கினேன். அவர் பாதியிலேயே கையை ஆட்டினார்.

"கொறஞ்சதே எடு மச்சான். நான் என்ன போருக்கா போறேன்? ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான்."

"எதுக்கு மாமா?"

"உங்கக்காகிட்டப் பேசணும்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டி வானொலியில் பந்தாட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, "என்ன ஸ்கோரு?" என்று கேட்டார்.

இங்கே ஏப்ரலைப் பற்றி எழுதியாக வேண்டும். அன்று லோனி அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் தன் பழைய வேட்டைத் துப்பாக்கியோடு வந்தார். முதல் குண்டு அடுப்புக்கு மேலே சுவரில் பட்டது. இரண்டாவது தோட்டா சிக்கிக்கொண்டது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்கதவைத் திறந்து, ஓடையைத் தாண்டி, திருமதி தார்ப் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஈரக் காலோடு அங்கே உட்கார்ந்திருந்தவளை அழைத்துவர நான்தான் போனேன். "அந்தப் பழைய இரும்புதான்டா என்னக் காப்பாத்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீதிமன்றத்தில் நான் சொன்ன சாட்சியும் அதுதான். துப்பாக்கி சிக்கியதால் அவள் பிழைத்தாள்.

நிறைவாக எழுத வேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அம்மா இறந்த பிறகு வீடு அக்கா பெயருக்குப் போனது. லோனியைப் பிரிந்து, அவள் தன் மகள் ஜோலினோடு அங்கே திரும்பி வந்தபோது நான் மாடி அறையில் இருந்தேன். லோனியோடு நான் காலைச் சாப்பாடு சாப்பிட்ட அதே வாரம், இரவு உணவின்போது அக்கா என் தட்டில் இறைச்சித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"வருஷக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கடா கேலன். ஜோலினுக்கு ரூம் வேணும். அவ பெரியவளாகுறா."

"சரிக்கா."

"கோவமா?"

"இல்லக்கா."

"எனக்குத் தெரியும், நீ கோவிச்சுக்க மாட்ட. உனக்கு எதுவுமே பெருசில்ல." மிச்சம் இருந்ததை மறுநாள் வேலைக்கு எடுத்துப் போகக் கட்டியும் கொடுத்தாள். நல்லவள்தான். அவளைப் பற்றி நான் ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை.

கடைக்குப் போய்வந்த பிறகு ஒரு வாரம் முழுவதும் யோசித்தேன். விலை குறைந்ததை வாங்கினால் லோனி கேட்டதைச் செய்ததாக ஆகும். ஆனால் பொருள் மட்டம். பலநாள் வைத்துப் பழகுகிறவன் அதன் குணம் தெரிந்து சமாளித்துக்கொள்வான். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு வேண்டும் என்கிறவனுக்குப் பழக நேரம் ஏது? அவனுக்குத்தான் சிக்காத பொருள் தேவை. எங்கள் சமையலறை மேசையில் இருந்து பின்கதவுக்கு நடந்து பார்த்தேன். பர்ல் சொன்ன மூன்று நொடி அதற்குப் போதும். ஓடினால் மிச்சமும் இருக்கும். மேல்விலைக்கும் வரிக்கும் என் பணத்தைப் போட்டேன். லோனி கேட்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கொறஞ்ச வெலைக்கு இவ்ளோ நல்லாருக்கே!" என்று என் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் அறையில் இருந்து லோனி அதைத் திருடிவிட்டார் என்று நேற்று நான் சொன்னது பொய். அடித்துவிடுங்கள்.

கடந்த புதன்கிழமை மாலை வகுப்புக்குள் நுழையும்போது லோனி கூப்பிட்டார். "பொண்ணு எங்கடா?"

"புதன்கிழமை இல்லியா, மாமா. சர்ச்சுல இருப்பா. எட்டு மணி ஆகும்."

"உங்கக்கா?"

"வீட்லதான். சமைச்சிட்டிருப்பா."

ஜோலின் வீட்டில் இல்லை என்பதை அவருக்கு உறுதிப்படுத்தியது நான்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். பிறகு போனை அணைத்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தேன். அன்று கொடுத்த கணக்குகளில் ஒன்றும் தப்பவில்லை.

துப்பாக்கி நிற்கவே இல்லை என்று வியாழக்கிழமை நீங்கள் சொன்னீர்கள். அக்கா பின்கதவின் கைப்பிடியைத் தொட்ட இடத்தில் விழுந்து கிடந்தாள் என்றும் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனதில் முதலில் தோன்றியது, தேர்வு சரியாகத்தான் இருந்திருக்கிறது என்பது. அது ஏன் தோன்றியது என்று மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை நான் மோசமானவனாக இருக்கலாம். ஆனால் பொருளை வாங்குகிறவன் பொருளைத்தானே பார்க்க முடியும்?

ஆகவே ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன். லோனி என் அக்காவைக் கொல்லப் போகிறார் என்று தெரிந்து அந்தத் துப்பாக்கியை நான் வாங்கினேன். அவள் தப்பிவிடக் கூடாது என்றுதான் விலை கூடியதை வாங்கினேன். கீழே கையெழுத்து இட்டிருக்கிறேன்.

நாளை ஒன்பது மணிக்கு இதை உங்கள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன், செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்கு ஜோலினுக்குக் கறுப்புக் காலணி வாங்கி, அவள் இப்போது தங்கியிருக்கும் திருமதி தார்ப் வீட்டில் கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் இரண்டு விதம் இருக்கிறது. மட்டமானது சீக்கிரம் பிய்ந்துவிடும் என்கிறார்கள். ஒரே ஒரு நாள்தானே போடப்போகிறாள். விலை குறைந்ததே போதும்.