உடையாத பாலம்

நீங்கள் கொடுத்த காப்பி நன்றாகவே இருக்கிறது. எங்கள் நகராட்சி மெஷினில் வருவது வாய்க்கால் தண்ணீர்.

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் ஊர்த் தூக்குப்பாலங்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு நான் தலைவி. நகராட்சியின் கொள்கை எளிமையானது: உடைந்த பிறகு ஒட்டு. தேய்மானத்தை அளந்து, உடைவதற்கு முன்பே மாற்றலாம் என்று வருடாவருடம் நகர மன்றத்தில் கேட்டேன். உறுப்பினர் ஹார்மென், வாயில் ஹெர்ரிங் மீனோடு, வருடாவருடம் ஒரே பதிலைச் சொன்னார்.

"ஏம்மா சீட்ஸ்கே, ஒரு பாலமாவது விழுந்திருக்கா? நோவே இல்லாதவனுக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விழவில்லைதான். விழாமல் பார்த்துக்கொண்டவன் மெக்கானிக் யெல்மர். பாலங்களின் பழைய பிரேக்குகளுக்குக் கம்பியும் கெட்ட வார்த்தையும் வைத்து உயிர் கொடுத்துவந்தான். அவன் இருக்கும்வரை என் கொள்கை நிறைவேறாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

ஒரு பாலம் பழுதாக வேண்டும், அவ்வளவுதான். நான் பொறுப்பில்லாதவள் அல்ல. சைக்கிள் பந்தயத்துக்காகச் சாலையை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். காலையிலேயே போய்ப் பிரேக்கின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, மேலே இயக்கும் அறையில் உட்கார்ந்தேன். பாலத்தில் ஒரு வாத்துகூட இல்லை.

போன் அடித்தது. யெல்மர்.

"சீட்ஸ்கே, சும்மா ஒரு பார்வை பார்க்க வந்தேன், எந்தக் கடன்காரனோ பிரேக்கைக் கழட்டி வச்சிருக்கான். நான் கீழே குழிக்குள்ள நிக்கிறேன். நீ மேலே இருக்கறதைப் பார்த்தேன், பட்டன்ல கை வச்சுடாதே தாயே, பாலம் ஏறினா எடைக்கல்லு என் தலையிலதான் இறங்கும்."

"சரி யெல்மர், பார்த்து வேலை செய்," என்றேன்.

பிறகு யோசித்தேன். அவன் அதைச் சரிசெய்துவிடுவான். எப்போதும் அப்படித்தான். செய்யாவிட்டாலும், ஆள் சேதமில்லாத பழுதை மன்றம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும். ஹார்மென் இன்னொரு மீனை எடுப்பார்.

பட்டனை அழுத்தினேன். பாலம் ஏறியது, எடைக்கல் குழிக்குள் இறங்கியது. பிரேக் பிடிக்கவில்லை. என் கணக்கு சரியாக இருந்தது.

மன்றத்தில் என் கொள்கை ஒருமனதாக நிறைவேறியது. ஹார்மென் அழுதுகொண்டே கை தூக்கினார். அன்று அவர் எதுவும் சாப்பிடவில்லை.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் யெல்மரின் மனைவி பௌக்ஜே தினமும் அந்தப் பாலத்தில்தான் வேலைக்குப் போகிறாள். அவள் பத்திரமாகப் போய்வருவது என்னால்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.