சிலந்தி இருக்கிற வரைக்கும்

— மூணாவது தடவையா வர்றீங்க பூச்சி மருந்துக்காரரே. அங்க பாருங்க, சன்னல் மூலையில. நேத்து சாயங்காலம் நான் துடைச்ச இடம். விடியறதுக்குள்ள குடித்தனம் வந்தாச்சு.

— அம்மா, நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க.

— கேட்டுக் கேட்டுத்தான் காது புளிச்சுப் போச்சு. போன தடவை என்ன சொன்னீங்க? இனிமே ஒண்ணும் தலை காட்டாதுன்னீங்க. தலை என்ன, எட்டுக் காலையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

— உண்மையைச் சொல்லணும்னா, நான் அப்படிச் சொல்லலம்மா. வெறும் மருந்துக்கு சிலந்தி போகாதுன்னேன். கரப்பான் தரையோட தரையா ஓடும், மருந்து ஒட்டும். இது உடம்பைத் தூக்கிக்கிட்டு நடக்கும், ஒட்டாது. வலையை முட்டைப் பையோட எடுக்கணும், சந்து பொந்தை அடைக்கணும், சுவத்தை ஒட்டி சாமான் வைக்கக் கூடாது, வேற பூச்சி உள்ள வராமப் பாத்துக்கணும். தீனி இல்லேன்னா அதுவே இடத்தைக் காலி பண்ணிடும்.

— அத்தனையும் பண்ணியாச்சு.

— விடு, விடு. அவரு மேல ஏன் பாயிற? அவரா கொண்டுவந்து விட்டாரு?

— நீங்க பேசாதீங்க. உங்களுக்கு என்னங்க, அவ வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். பெத்தவளுக்குத்தான் வயிறு எரியும்.

— யாரும்மா வரணும்?

— எம் பொண்ணு. ஒரே பொண்ணு. சின்னதுலேருந்தே சிலந்தின்னா உயிரு போயிடும் அவளுக்கு. குளியலறையில ஒண்ணு இருந்தாப் போதும், மூஞ்சி கழுவாமலே ஸ்கூலுக்குக் கிளம்பிடுவா. போன வருஷம் வந்த இடத்துல உடம்பு சரியில்லாமப் போய் கொஞ்ச நாள் இங்க இருந்தா. போனவ போனவதான். வீடு பூரா சிலந்தி, அதை ஒழிச்சிட்டுச் சொல்லுங்கப்பா, வர்றேன்னு இவருகிட்ட சொல்லியிருக்கா. எங்கிட்ட சரியா போன்ல கூடப் பேசறதில்ல. பேசினா நான் வா வான்னு அழுவேனாம்.

— சரிம்மா. இன்னைக்கு ஒரு கை பாத்துடலாம். சாமான் ரூமைத் திறங்க. அய்யோ, என்னம்மா இது?

— என்ன?

— இந்த அட்டைப் பெட்டி அத்தனையும் போன தடவை நான்தானே மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்? மறுபடி சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு மடிப்புலயும் முட்டைப் பை. இதெல்லாம் தானா படி இறங்கி வந்துச்சா?

— எனக்கென்ன தெரியும்? நான் முட்டி வலியோட இந்தப் பக்கம் வந்தே எத்தனையோ நாளாச்சு. என்னங்க, நீங்களா இறக்குனீங்க?

— ஒரு பழைய சாமான் தேடினேன். அப்படியே இருந்துடுச்சு.

— சன்னல் கொசுவலை எங்கம்மா? ஓட்டை இல்லாத வலையா பாத்து நான் மாட்டினேனே.

— வலையுமா காணோம்?

— வாசல்லயும் பாத்துட்டுத்தான் வந்தேன். மஞ்ச பல்பு மாட்டிக் கொடுத்தேன், பூச்சி அதிகம் அண்டாதுன்னு. அதைக் கழட்டிட்டு வெள்ளை லைட்டு போட்டிருக்கு. கீழ செத்த பூச்சி ஒரு முறம் தேறும். ராத்திரி முழுக்க எரிஞ்சாத்தான் இவ்வளவு சேரும். சிலந்திக்கு விருந்து வச்சிட்டு என்னைத் திட்டுனா நான் என்னம்மா பண்ணுவேன்?

— நான் அணைச்சிட்டுத்தானே படுக்கறேன். தினமும் இந்தக் கையாலதான் அணைக்கறேன். அது எப்படி எரியும்?

— விடும்மா. தம்பி வந்து எவ்வளவு நேரமாச்சு. ஒரு டீ போட்டுக் கொண்டா, போ.

— போறேன். ஆனா இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் விடமாட்டேன்.

— சார்.

— சொல்லுங்க தம்பி.

— அம்மா படுத்ததும் நீங்கதானே எழுந்து போய் லைட்டு போடுறீங்க?

— ஆமா.

— பெட்டியும் நீங்கதான். வலையும் நீங்கதான்.

— மெதுவா பேசுங்க.

— எனக்கு ஒண்ணுமே புரியல சார். நீங்கதான் போன் பண்ணி என்னைக் கூப்பிடுறீங்க. காசும் நீங்கதான் குடுக்கறீங்க. அப்புறம் நீங்களே கூப்பிட்டு உக்கார வைக்கிறீங்க, சிலந்தியை. உங்க பொண்ணு வர்றதுல உங்களுக்கு இஷ்டம் இல்லையா?

— எம் பொண்ணு வரமாட்டா தம்பி.

— சிலந்தி போனா வர்றேன்னு...

— அது நான் சொன்ன பொய். அவ சிலந்தியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. போன வருஷம் அவ மூணு மாசம் முழுகாம இருந்தா. இங்க வந்திருந்தப்போ கலைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்து படுக்க வச்சோம். அவங்கம்மா தலகாணியைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னா, படியில தடதடன்னு ஏறாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டியா, அடுத்ததையாவது ஒழுங்கா காப்பாத்திக்கன்னு. சொல்லிட்டு கஞ்சி எடுக்கப் போயிட்டா.

— அய்யோ.

— அந்தப் புள்ள அழல. செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிச்சு. கிளம்புற அன்னைக்கு எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. அப்பா, நானே என் குழந்தையைக் கொன்னுட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க, இனி இந்தப் படி ஏறமாட்டேன், அவங்ககிட்ட என்ன வேணா சொல்லிக்கங்கன்னு. நான் என்னத்த சொல்றது? இவ, ஏன் வரமாட்டேங்குறா, ஏன் வரமாட்டேங்குறான்னு பிச்சு எடுக்கறா. அப்போ செவுத்துல ஒரு சிலந்தி ஓடுச்சு. வாயில வந்தது அதுதான்.

— அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கலாமே சார்.

— எப்படிச் சொல்றது? இப்ப விடிஞ்சா ஒட்டடைக் குச்சியைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா. ஒரு வேலை இருக்கு. சிலந்தி இருக்கிற வரைக்கும் மக வருவான்னு இருக்கா. அது போச்சுன்னா வாசலையே பாத்துக்கிட்டு உக்காருவா. ஒரு நாள், ரெண்டு நாள். அப்புறம் என்னைப் பாப்பா. அப்ப நான் என்ன சொல்லுவேன்?

— அம்மா.

— என்ன தம்பி?

— பின்னாடி பாருங்க சார். அம்மா நிக்கறாங்க.

— நீ... நீ டீ போடப் போகலையா?

— அடுப்படிக்கும் இந்த சன்னலுக்கும் நடுவுல ஒரு முழம் சந்து. நீங்களே வலையைக் கழட்டிப் போட்டீங்க. பூச்சி மட்டுமா வரும்? பேச்சும்தான் வரும்.

— இங்க வந்து உக்காரு. முட்டி வலிக்கப் போகுது.

— நான் அப்படியா சொன்னேன்?

— விடு.

— விடு விடுன்னு சொல்லாதீங்க. நான் அப்படிச் சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— எனக்கு ஞாபகமே இல்லையேங்க. கஞ்சி ஞாபகம் இருக்கு. உப்பு கம்மின்னு நெனச்சுக்கிட்டே போனது ஞாபகம் இருக்கு. தலகாணி ஞாபகம் இருக்கு. இது இல்ல. அடுத்த தடவை ஜாக்கிரதையா இருக்கணும்னுதானே சொல்லியிருப்பேன்? பெத்தவ வேற எதுக்குச் சொல்லுவா?

— எனக்குத் தெரியும். அதான் உங்கிட்ட சொல்லல.

— அவ செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாளே. நான் அசதின்னுல்ல நெனச்சேன். போத்திவிட்டேன்.

— அம்மா, பால் பொங்குது போல. வாசனை வருது.

— பொங்கட்டும்.

— நான் போய் அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்மா.

— போங்க. என்னங்க, போனைக் குடுங்க. பேசிப் பதிவு பண்ணி அனுப்புறது எப்படி? இதைத்தானே அமுக்கணும்?

— இப்ப வேணாம்மா. மனசு ஆறட்டும்.

— எனக்கு ஆறி என்ன ஆகப்போகுது, அவளுக்குல்ல ஆறணும். பாப்பா, அம்மா பேசறேன். வீட்டுல சிலந்தி எல்லாம்... இல்ல, இல்ல. இதை அழிச்சிடுங்க.

— அழிச்சிட்டேன்.

— பாப்பா, அப்பா இப்பத்தான் சொன்னாரு. நான் வேணும்னு சொல்லலடி, உன் நல்லதுக்கு... சே. மறுபடியும் அதேதான் வருது. அழிங்க. சொன்னதே ஞாபகம் இல்லைன்னு சொன்னா அவளுக்கு இன்னும் வலிக்காதா? மன்னிச்சிடுன்னு சொன்னா, ஒரு வார்த்தையில தொடைச்சுப் போடறேன்னு நெனப்பாளோ? வந்துட்டீங்களா மருந்துக்காரரே, உங்களுக்குப் பொண்ணு இருக்கா?

— ரெண்டும் பையனுங்கதாம்மா.

— அப்ப உங்களுக்கும் தெரியாது.

— அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் வேலையைப் பாக்கவா, இல்ல அப்படியே விட்டுட்டுப் போகவா?

— பாருங்க. அந்தப் பெட்டியெல்லாம் தெருவுல தூக்கிப் போடுங்க. வலையை மாட்டுங்க. ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது. நாளைக்கே அவ வர்றேன்னுட்டான்னா?

— அவதான் வரமாட்டேன்னு...

— நீங்க சும்மா இருங்க. மருந்துக்காரரே, நீங்க நாலு வீட்டுக்குப் போறவரு. பொண்ணுங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் போவீங்க. யார் வீடுன்னு சொல்லாம கேட்டுப் பாருங்க. அம்மாக்காரி இப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டா, மறுபடி எந்த வார்த்தையில ஆரம்பிக்கணும்னு. எனக்கு வர்றதெல்லாம் புத்திமதியாவே வருது.

— கேட்டுட்டு வந்து சொல்றேம்மா.

— சீக்கிரம் சொல்லுங்க. நான் போனைக் கையிலேயே வச்சிருக்கேன்.

— அதுக்குத்தாங்க இத்தனையும் பேசினது பேசினபடியே இங்க எழுதியிருக்கேன். அந்த மருந்துக்காரன் நான்தான். அந்த அம்மா இன்னும் எதையும் அனுப்பல. இதைப் படிக்கிறவங்கள்ல, அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காக வீட்டுப் பக்கம் போகாம இருக்கிற பொண்ணுங்க யாராவது இருந்தா, உங்க அம்மா எப்படி ஆரம்பிச்சா நீங்க போனைக் கட் பண்ணாம கேப்பீங்க? ஒரு வரி போதும். பதில் எழுதுங்க, நான் போய்ச் சொல்லணும்.