நம்பும்படியான ஒரு வீடு

இந்த விசாரணை அறையை நான் அமைத்திருந்தால் கடிகாரத்தை அங்கே மாட்டியிருக்க மாட்டேன். உள்ளே வந்ததிலிருந்து மனதுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் விளிம்பு கடிகாரத்தில் இடிக்கிறது. நிஜ அறைகள் இப்படித்தான், யோசனையே இல்லாமல் இருக்கும். படத்தில் வைத்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற வேலை. படத்தில் வரும் வீடுகளுக்குள் சாமான்களை வைப்பவள் நான். சுவரைத் தச்சர்கள் எழுப்பிவிடுவார்கள். அதற்குள் ஒரு குடும்பம் வாழ்ந்ததுபோல் ஆக்குவது என் பொறுப்பு. சுவிட்சைச் சுற்றிக் கையழுக்கு, கிழிக்க மறந்த இரண்டு காலண்டர் தாள். நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்கிறேன். மேசையிலிருக்கும் அந்த உறையை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

என் மகளுக்கு முகமூடி வீரர்கள் வரும் படங்கள் என்றால் உயிர். நம்பிப் பார்க்கிறவள் இல்லை, நோண்டிப் பார்க்கிறவள். பதின்மூன்று வயது. சோபாவில் படுத்து என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"இந்த டிரெஸ்ஸோட இவன் எப்படிம்மா பாத்ரூம் போவான்?"

"அவசரம்னா பறந்து போவான்."

"கண்ணாடி போடுறவனா இருந்தா? முகமூடிக்கு மேல போடுவானா, உள்ள போடுவானா?"

அவளும் கண்ணாடி போடுகிறவள். ஊதா நிறம். அதன் இடது கால் ஒடிந்தபோது வேறு வாங்கலாம் என்றேன். "ஊருக்கெல்லாம் ஒட்டுப் போடுற, எனக்குப் போட மாட்டியா?" என்றாள். மெல்லிய செப்புக் கம்பியை ஏழு சுற்று சுற்றி, முனையை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டேன். காதோரம் குத்தக் கூடாதே.

ஒருநாள் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இவன் யாரையும் விசாரிக்கவே இல்லையேம்மா. தப்பான ஆளை அடிச்சுட்டா என்ன பண்ணுவான்?"

"படத்துல தப்பான ஆள் இருக்க மாட்டான்டி. எழுதுறவங்க பாத்துப்பாங்க."

"நல்ல கதையா இருக்கே" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

அந்த வருடமே, பள்ளிவிட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தவளை ஒரு வெள்ளை வேன் இடித்துவிட்டு நிற்காமல் போனது. கண்ணாடி சாலையோரம் கிடைத்தது. நான் கம்பி சுற்றிய அதன் இடது கால் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அந்த ஓரத்தில் உட்கார்ந்து புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். என் தம்பி வந்து தூக்கிக்கொண்டு போனான்.

மூன்று தெரு தள்ளி, ரொட்டி விநியோகம் செய்கிற ஒருவன் இருந்தான். அவனிடம் வெள்ளை வேன். இடது பக்கம் நசுங்கல். அந்த வாரம்தான் முன்விளக்கை மாற்றியிருந்தான். ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. தீர்ப்பைக் கேட்டு அவன் அழுதான். நடிகர்கள் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவள் நான். அழுகையெல்லாம் எனக்கு ஒரு சாட்சி இல்லை.

எட்டு மாதம் கழித்து இந்தப் படத்தின் வேலை வந்தது. சட்டம் தப்பவிட்டவர்களை முகமூடிக்காரன் தண்டிக்கிற கதை. முதல் பிரதியில் வில்லன் ஓர் அமைச்சர். தயாரிப்பாளர் பயந்தார். அடுத்ததில் கட்டட முதலாளி. அவரும் யாருடைய சம்பந்தியையோ ஞாபகப்படுத்தினார். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. யாரை வச்சா நமக்குத் தலைவலி வராது?"

"வேன் ஓட்டுறவனை வைங்க தம்பி. அவனுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதையே எழுதினார்கள். முகமூடிக்காரனுக்கு மாளிகை, நிலவறை, ஏழு கார். அவன் அடிக்கப் போவது வாடகை வீட்டில் இருப்பவனை. இதில் இருக்கிற அரசியலை என் மகளாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் பிடித்திருப்பாள்.

அந்த ரொட்டிக்காரன் வீட்டுக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். பதினொரு நாள் அங்கே உட்கார்ந்தேன். பச்சை கேட், தாழ்ப்பாள் போனதால் கம்பி போட்டுக் கட்டியது. கயிறு சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி. வேனின் பின்கதவில் பாதி கிழிந்த சூரியகாந்தி ஸ்டிக்கர். எல்லாவற்றையும் கொண்டுபோய் செட்டில் வைத்தேன். வேனின் எண்ணில் மட்டும் கடைசி இலக்கத்தை மாற்றினேன். சட்ட ஆலோசகர் அதை எதிர்பார்ப்பார்.

இயக்குநர் வந்து சுற்றிப் பார்த்தார். "எப்படிக்கா இவ்வளவு நிஜமா பண்றீங்க? இங்கயே குடி வந்துடலாம் போல."

"பார்த்ததை வைக்கிறேன், அவ்வளவுதான்."

படம் வெளியான நான்காம் நாள் அவனுடைய நிஜ வேனோடு யாரோ புகைப்படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு பழைய வழக்கைத் தோண்டி எடுத்தார்கள். அவன் வீட்டுச் சுவரில் எழுதினார்கள். அவன் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். அந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

ஆறாம் நாள் அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"அக்கா, உங்க பொண்ணு போனது எங்களுக்கும் துக்கம்தான். அவரு அன்னிக்கு அந்தப் பக்கமே போகலை. படத்துல வர்றது எங்க வீடு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அது கற்பனைன்னு படத்துல முதல்லயே போடுறாங்களேம்மா."

"அதை யாருக்கா படிக்கிறாங்க?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள். அவள் சொன்னது சரி. அதை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள், ஞாயிறு காலை, அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். கடையில் விற்கிற அதே முகமூடி. படத்தில் முகமூடிக்காரன் கேட்டை உதைத்துத் திறப்பான். இவர்களும் உதைத்தார்கள். கம்பியை அவிழ்த்தாலே திறக்கிற கேட். படத்தில் என்ன வரிசையோ அதே வரிசையில் அடித்துக் கொன்றார்கள் என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த நாற்காலியையும் விடவில்லை.

அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் யாரையும் ஏவவில்லை. ஆனால் அவர்களைப் போன்றவர்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு சாமானையும் வைத்தேன். அவன் உயிரோடு இருக்கக் கூடாது என்றுதான் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த உறையைப் பற்றிக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். வேறொரு ஊரில், பழைய இரும்புக் கடையில், உடைக்க வந்த வெள்ளை வேன். அதன் முன்கம்பிகளுக்குள் சிக்கியிருந்தது ஓர் ஊதா நிறத் துண்டு. வேனின் சொந்தக்காரன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்கிறீர்கள். இது உங்கள் மகளுடையதுதானா என்று ஒரு தரம் பார்த்துச் சொன்னால் போதும் என்கிறீர்கள். இவ்வளவு நேரமும் குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள், அதற்கு நன்றி.

ஊதா நிறத்தில் எத்தனையோ பேர் கண்ணாடி போடுகிறார்கள், சார். செப்புக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒடிந்ததைக் கட்டத் தெரிந்த அம்மாக்களும் உலகத்தில் நிறைய இருப்பார்கள்.

இல்லை, பிரிக்க வேண்டாம். எத்தனை சுற்று என்று நான் எண்ண மாட்டேன்.